காது உயரம்

என் அக்கா புருஷனை ஆலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "காதைக் கூப்பிடு", "காது வந்து பாக்கட்டும்", "காது சொல்லிட்டாரா?" இப்படித்தான். மேனேஜர் மட்டும் மரியாதையாக "காது சார்" என்பார்.

மாட்டுத் தீவனம் அரைக்கும் ஆலை அது. மாமா அங்கே மிஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர். காலையில் வந்ததும் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மிஷின் மிஷினாகப் போவார். முனையை இரும்பின் மேல் வைப்பார், கைப்பிடியைக் காதில் அழுத்துவார், கண்ணை மூடிக்கொள்வார். சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங், கெட்டுப்போவதற்கு முன்னால் உள்ளுக்குள் மெல்லிசாகக் கீச்சிட ஆரம்பிக்கும். அதை எல்லாருக்கும் முன்னால் கேட்பது அவர் காதுதான். ஒரு தடவை அவர் நிறுத்தச் சொன்ன மிஷினைப் பார்த்து மேனேஜர் தாம்தூம் என்று குதித்தார். பிரித்துப் பார்த்தால் பேரிங் உள்ளே வெடித்துக் கிடந்தது. அன்றிலிருந்து அவர் ஓட்டச் சொன்னால் ஓடும், நிறுத்தச் சொன்னால் நிற்கும். எனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்து, தீவனத்தை மேலே ஊதித் தள்ளுகிற பெரிய புளோயர் பக்கத்தில் நிறுத்தியதும் அவர்தான்.

வீட்டில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு பைத்தியம். பாட்டுக் கேட்பது. பாட்டைக் கேட்பதுகூட இல்லை, சத்தத்தைக் கேட்பது. "அந்தப் பாடகி பாடுறதுக்கு முன்னால மூச்சு இழுக்கிறா, கவனிச்சியா?" என்பார். நான் கவனித்திருக்க மாட்டேன். கவனித்தேன் என்று தலையாட்டுவேன். பழைய ஜோடி ஸ்பீக்கர் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து மேசையில் வைத்திருந்தார். கீழே பெரிய வட்டம், தடித்த சத்தத்துக்கு. மேலே சின்னதாக ட்வீட்டர், கூர்மையான சத்தமெல்லாம் அதிலிருந்துதான் வரும். அந்தச் சின்ன வட்டத்தை அக்கா துடைக்கப் போனால் கத்துவார். குழந்தையைத் தூக்கிப் போட்டாலும் அப்படிக் கத்த மாட்டார்.

போன வருஷம் மழை முடிந்த சமயத்தில் அவர் ஒரு புகார் சொல்ல ஆரம்பித்தார். பாட்டுகளில் அந்தக் கூர்மையான மேல் சத்தம் மங்கிப்போய்விட்டது, மூடி போட்ட பாத்திரத்துக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கிறது என்றார். முதலில் ஒயரை மாற்றினார். பிறகு குற்றத்தை மேசையின் தலையில் கட்டினார். மேசை அதிர்கிறது, சத்தத்தைத் தின்கிறது, ஸ்பீக்கரைத் தனித்தனி ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும், அதுவும் ட்வீட்டர் சரியாகக் காது உயரத்துக்கு வர வேண்டும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, தரையிலிருந்து தன் காது வரைக்கும் டேப்பைப் பிடிக்க அக்காவைக் கூப்பிட்டார்.

"உங்க காது நேத்து இருந்த இடத்துலதான் இன்னைக்கும் இருக்கு. அடுப்புல பால் பொங்குது, விடுங்க" என்றாள் அக்கா.

கடையில் விற்கிற ஸ்டாண்டு அவருக்கு ஆகாது. எல்லாம் தகர டப்பா என்று ஒரே பேச்சில் தள்ளிவிட்டார். ஆலைக்கு மிஷின் வந்த பெட்டிகளை உடைத்து எடுத்து வந்தோம். எடுத்து வந்தோம் என்றால், அவர் வழி காட்டினார், நான் சுமந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எனக்கு இல்லாமல் போனது. அவர் அறுப்பார், நான் பலகை நழுவாமல் அழுத்திப் பிடிப்பேன். அவர் கோடு போடுவார், நான் இழைப்பேன். கீழே ஒரு பலகை, நடுவில் தூண், மேலே ஒரு பலகை. பார்க்க ஒன்றும் இல்லாத வேலை. ஆனால் அவருக்கு இணைப்பில் மயிரிழை இடைவெளி தெரிந்தால் போதும், பிரித்துவிடுவார்.

முதல் ஜோடி முடிந்தது. ஏற்றிவைத்துப் பாட்டைப் போட்டார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மரம் இலேசு என்றார். அடுத்த ஜோடியைத் தேக்கில் செய்தோம், அதைத் தூக்குவதற்குள் என் இடுப்பு கழன்றது. அதுவும் சரியில்லை. தூணின் உள்ளே வெற்றிடம் இருந்தால் அது ஒலிக்கும், கூர்மையான சத்தத்தைக் கெடுக்கும் என்றார். ஆகவே அடுத்த ஜோடிக்குத் தூணை நாலு பலகை ஒட்டிப் பெட்டிபோலச் செய்து, உள்ளே மணல் நிரப்ப வேண்டும். ஈர மணல் மரத்தை உப்ப வைக்கும், அதனால் வறுக்க வேண்டும். அக்காவின் பெரிய வாணலி போயிற்று.

"ஊர்ல பொண்டாட்டிங்க வாணலியில பலகாரம் சுடுறாளுங்க. நான் மண்ணை வறுத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் அக்கா. கரண்டியால் கிளறிக்கொண்டேதான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தோம். செடிகளுக்குள் சில்வண்டுகள் காதைத் துளைத்துக்கொண்டிருந்தன. மாமா பெருமூச்சு விட்டார்.

"இப்பல்லாம் ஒரு சில்வண்டு சத்தமாவது கேக்குதா பாரு. மருந்தை அடிச்சு எல்லாத்தையும் கொன்னுட்டானுங்க" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு முன்பே தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். குற்றம் மேசையிலும் இல்லை, மரத்திலும் இல்லை. இத்தனை வருஷம் மிஷின்களுக்கு நடுவில் பஞ்சுகூட வைக்காமல் திரிந்த காது அது. "காதுல எதையாவது அடைச்சுக்கிட்டா நான் எப்படிக் கேக்கிறது?" என்பார். மேல் சத்தம் எல்லாம் அவருக்குச் செத்துவிட்டது. பேச்சு கேட்டது, பாட்டு கேட்டது, மிஷினின் உறுமல் கேட்டது. கூர்மையானது எதுவும் கேட்கவில்லை. ஸ்பீக்கருக்கு ஸ்டாண்டு செய்கிற பைத்தியம் இல்லாத வேறு எவனாக இருந்தாலும் எப்போதோ காது டாக்டரிடம் போயிருப்பான்.

இது வெறும் பாட்டு சமாச்சாரமாக இருந்திருந்தால் நான் சிரித்துவிட்டு இன்னும் பத்து ஜோடிக்குக்கூடப் பலகை பிடித்திருப்பேன். என் புளோயர் கத்த ஆரம்பித்திருந்தது. மெல்லிசாக, பல்லைக் கூச வைக்கிற மாதிரி. ஆலையில் மற்றவர்கள் காதை அடைத்துக்கொண்டு வேலை செய்வார்கள், அதன் பக்கத்திலேயே நிற்பவன் நான் ஒருவன்தான். மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்க்ரூ டிரைவரை வைத்தார், கண்ணை மூடினார்.

"ஒண்ணும் இல்ல மாப்ள. பெல்ட்டு உரசுது. ஓட்டு" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

மேனேஜரிடம் போனேன். "காது சார் பாத்தாச்சு இல்ல? அப்புறம் உனக்கு என்ன?" என்றார் அவர். மாமாவைவிட எனக்கு அதிகம் தெரியுமோ என்று பக்கத்தில் இருந்தவர்கள் இளித்தார்கள். அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"இந்த ஸ்டாண்டு முடியட்டும்டா. நானே கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுறேன்" என்றாள். "அந்த மனுஷனுக்கு வேற என்னடா இருக்கு? படிப்பு இல்ல, சொத்து இல்ல. காது ஒண்ணுதான். அது போச்சுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"

எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அடுத்த ஞாயிறு, தூணுக்குள் மணல் கொட்டப் புனலைப் பிடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"மாமா, ஸ்டாண்டுல ஒரு குத்தமும் இல்ல. உங்க காதுலதான். டாக்டரைப் பாருங்க."

கொட்டுவதை அவர் நிறுத்தவில்லை. "புனலை நேராப் பிடி" என்றார். பிறகு கோபம் இல்லாமல், எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதுபோலப் பேசினார்.

"உன்னை அந்த மிஷின்கிட்ட நிறுத்தினது யாரு? நான். உங்க அக்காவுக்கு நீ தம்பின்னா எனக்கு யாரு? அதுல ஒரு கோளாறுன்னா உனக்கு முன்னால எனக்குத் தெரியாம இருக்குமா?"

செவிடன் காதில் ஊதின சங்கு என்று சும்மாவா சொன்னார்கள். அவர் என்மேல் வைத்திருந்த பாசத்தையே எடுத்து என் வாயை அடைத்துவிட்டார். ஆத்திரமாக வந்தது. புனலை நேராகப் பிடித்தேன்.

அந்த வாரமே அது நடந்தது. காலையில் மாமா வந்து கேட்டுவிட்டு, சரி என்று தலையசைத்துவிட்டு அடுத்த மிஷினுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் கீச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. நல்லதாயிற்று என்று நினைக்கும் முன்னால் கருகல் வாடை வந்தது. நிறுத்தலாம் என்று சுவிட்சுக்குக் கையை நீட்டினேன். பேரிங் இறுகித் தண்டு பிடித்துக்கொண்டது, இரும்புச் சக்கரம் உடைந்து மூடியைக் கிழித்துக்கொண்டு வந்தது. வலிக்கவில்லை. கையைத் திருப்பிப் பார்த்தேன், வலது கையில் கட்டைவிரலும் பக்கத்து விரலும் மட்டும் இருந்தன. அதற்குப் பிறகுதான் கத்தினேன்.

என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது மாமாதான். ஆஸ்பத்திரியில் என் பக்கத்தை விட்டு அவர் நகரவில்லை. சாப்பாடு ஊட்டிவிட்டார், முகம் துடைத்துவிட்டார், குளியலறைக்குக் கூட்டிப் போனார். நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு கட்டுப் போட்ட கையைத் தன் மடியில் வைத்து அழுதார். எல்லாம் நிஜம். ஆலையிலிருந்து விசாரிக்க வந்தவர்களிடம் அவர் சொன்னதும் அவரைப் பொறுத்தவரை நிஜம்தான்.

"மிஷின் நல்லா இருந்துச்சு சார். அன்னைக்குக் காலையில நானே கேட்டேன். சின்னப் பையன், அவசரத்துல தீவனத்தை அளவுக்கு மேல தள்ளியிருப்பான். அடைச்சுக்கிச்சு. பாவம், அவன்மேல நடவடிக்கை எதுவும் வேணாம் சார்."

எனக்காகக் கெஞ்சினார்! நான் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். என் விரலை எடுத்தது போதாதென்று பழியையும் என் தலையில் வைத்து, அதற்கு மன்னிப்பும் வாங்கித் தருகிறார். அக்கா அறைக்கு வெளியே சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். அந்த நிமிஷத்தில் அவர்கள் இரண்டு பேரையும் நான் வெறுத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆலையில் என்னோடு வேலை செய்கிறவன் ஒருத்தன் பார்க்க வந்தான். என்னைச் சிரிக்க வைக்க வேண்டுமாம். விபத்துக்கு முந்தின நாள், தீவன மூட்டைமேல் வாயைப் பிளந்துகொண்டு தூங்கின ஒருவனைப் போனில் எடுத்திருந்தான். அதைப் போட்டுக் காட்டினான். தூங்குகிறவனின் மூக்கில் ஒரு வைக்கோல் துண்டை யாரோ விடுகிறார்கள், அவன் தும்முகிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னால் என் புளோயர் கத்திக்கொண்டிருந்தது. அவ்வளவு தெளிவாக, அவ்வளவு நேரம். இல்லாத விரல்கள் வலித்தன. அந்த வீடியோவை எனக்கு அனுப்பச் சொன்னேன்.

அந்த ஞாயிறு மாமா ஆள் அனுப்பிவிட்டார். ஸ்டாண்டு முடிந்துவிட்டதாம், வந்து கேட்க வேண்டுமாம். போனேன். உண்மையைச் சொல்கிறேன், அவரை அவமானப்படுத்தத்தான் போனேன்.

ஸ்டாண்டு இரண்டும் சுவரோரம் நின்றன. நான் இல்லாமல் தனியாகவே முடித்திருந்தார். அழகாக இருந்தன, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வார்னிஷ் கண்ணாடியாக மின்னியது. ட்வீட்டர் இரண்டும் நாற்காலியில் உட்கார்ந்தால் காதுக்கு நேராக இருந்தன. மாமா என்னைத் தோளைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைக்கப் பார்த்தார். அதில் அவரைத் தவிர யாரையும் அவர் உட்காரவிட்டதில்லை.

"நீங்க உக்காருங்க மாமா. நான் ஒண்ணு போடுறேன்" என்றேன்.

இடது கையால் ஒயரைப் போனில் சொருகத் தடுமாறினேன். அவர் எழுந்து உதவ வந்தார், வேண்டாம் என்றேன். அக்கா ஈரக் கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவர்களுடைய பெண் குட்டி தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். தும்மல், சிரிப்பு எல்லாம் முடிந்து மிஷின் மட்டும் ஓடுகிற இடத்துக்குத் தள்ளிவைத்து, சத்தத்தை நன்றாகத் திருகிவிட்டேன்.

அறை முழுவதும் புளோயர் நிரம்பியது. கீழே கனமான உறுமல், அதற்கு மேலே அந்தக் கீச்சல், தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி. மாமா பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, மிஷின்களிடம் கேட்பதுபோலக் கேட்டார். மெதுவாக அவர் முகம் மலர்ந்தது.

"எந்த மிஷின் மாப்ள இது? அம்சமா ஓடுதே! பேரிங் எல்லாம் வெண்ணெயா இருக்கு."

அவர் கண்ணைத் திறந்தார். எங்களைப் பாராட்டுக்காகப் பார்ப்பதுபோல ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்ற அக்காவைப் பார்த்தார். கடைசியாகக் குட்டியைப் பார்த்தார். குட்டி பென்சிலைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்திருந்தாள்.

"என்னம்மா?" என்றார்.

"கத்துதுப்பா. நிறுத்தச் சொல்லு."

"எது கத்துது?"

குட்டி ஸ்பீக்கரைக் கை காட்டினாள். காட்டிவிட்டு உடனே மறுபடி காதைப் பொத்திக்கொண்டாள்.

அவர் எழுந்து போய் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். ட்வீட்டரில் காதை ஒட்டவைத்தார். யாரையும் தொடவிடாத அந்தச் சின்ன வட்டத்தில் கன்னம் நசுங்கும்படி ஒட்டவைத்தார். மறு காதையும் வைத்துப் பார்த்தார். திரும்பி மகளைப் பார்த்து, "இப்பவும் கத்துதா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். "இப்ப?" தலையாட்டினாள். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அக்கா வந்து அவளைத் தூக்கிக்கொண்டாள்.

நான் போனை நிறுத்தினேன். நான் ஜெயித்துவிட்டேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மண்டியிட்டபடி அந்த மனுஷன் என்னைப் பார்த்த பார்வையில், விரல் போன அன்று எனக்கு ஏற்படாத பயம் ஏற்பட்டது.

"உன் மிஷினா?" என்றார்.

"ஆமா மாமா."

"அன்னைக்கு நான் பக்கத்துல நிக்கும்போதும் இப்படித்தான் கத்துச்சா?"

"ஆமா."

அக்காவிடம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

அக்கா குட்டியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அழப்போகிறார், இல்லை என்னை அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். இரண்டும் நடந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அவர் வாய் ஏதோ முணுமுணுத்தது. காது கொடுத்துக் கேட்டேன். கன்வேயர், மிக்சர், மேல் மாடி எலிவேட்டர், உருண்டை பிடிக்கிற மிஷின். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நிற்கிறவனை, அவன் பட்டப்பெயரோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டு போனார்.

"இன்னைக்கு ஷிப்ட் ஓடுதா?" என்று திடீரென்று கேட்டார்.

"ஓடுது மாமா."

"போனைப் போடு. மேனேஜருக்குப் போடு. சீக்கிரம் போடுடா!"

இடது கையால் நம்பரைத் தேடினேன். பொறுக்காமல் பிடுங்கிக்கொண்டார். மேனேஜர் எடுத்ததும் அறையே அதிரக் கத்தினார், அந்தப் பக்கம் இருப்பவருக்குக் காது கேட்காது என்பதுபோல.

"சார், நான்தான் பேசுறேன். எல்லா மிஷினையும் நிறுத்துங்க. இப்பவே. ஆளுங்களைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

மேனேஜர் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. "என்ன காது சார், நேத்துதானே எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னீங்க? இப்ப எதுல கோளாறு?"

மாமா போனைக் காதோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார்.

"எதுலன்னு எனக்குத் தெரியாது சார்" என்றார். "அதுக்குத்தான் சொல்றேன். நான் சரின்னு சொன்ன எல்லாத்தையும் நிறுத்துங்க."